சேற்றிலிருந்து மீண்ட நூல்கள்

நூல்களுக்குப் பகை பல. கறையானும் இராமபாணப் பூச்சியும் மெல்ல அரிக்கும். நெருப்பும் வெள்ளமும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போகும். அவ்வாறு ஒரே நாளில் அழியவிருந்த பெருஞ்செல்வத்தைப் பொதுமக்களின் கைகள் மீட்ட வரலாறு ஒன்று உண்டு. அது இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரின் வரலாறு.

1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் விடியற்காலையில் ஆர்னோ ஆறு கரை கடந்து அந்நகருள் புகுந்தது. அன்று பொது விடுமுறை. நகரின் சில பகுதிகளில் நீர் 6 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளிர்காலத்திற்கென நிலவறைகளில் சேமித்திருந்த எரியெண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, புகுந்த இடமெல்லாம் கரிய சேறாகப் படிந்தது.

அந்நகரின் தேசிய மைய நூலகம் ஆற்றங்கரையிலேயே அமைந்தது. அதன் நிலவறையிலும் கீழ்த்தளத்திலும் இருந்த சுமார் 10 இலட்சம் நூல்களும் இதழ்களும் நீரில் மூழ்கின. 1714இல் மறைந்த மாலியாபெக்கி என்னும் நூலகர், தாம் வாழ்நாளெல்லாம் ஈட்டிய ஏறத்தாழ 30,000 நூல்களை மக்கள் பயன்பாட்டிற்கென விட்டுச் சென்றார். அந்நூலகத்திற்கு வித்தாக அமைந்த அத்தொகுதியும் சேற்றில் கிடந்தது.

நூலக இயக்குநர் கசமாசிமாவிடம் பணியாளர் சிலரே இருந்தனர். ஆயின், செய்தி பரவியதும் இத்தாலியின் பிற நகரங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தனர். அழைத்தவர் இலர், ஊதியம் இல்லை. நிலவறைப் படிகளில் வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைக்குக் கை மாற்றி மேலேற்றினர். நாற்றம் தாங்காமல் முகமூடி அணிந்து உழைத்தனர். அவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்று இத்தாலிய மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

நனைந்த தாளில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சை படரத் தொடங்கும். ஆதலின் மரத்தூள் தூவியும், ஏடுகளுக்கிடையே ஒற்றுத்தாள் வைத்தும் ஈரத்தை உறிஞ்சச் செய்தனர். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளுக்கு நூல்கள் அனுப்பப்பட்டன. இரயில் நிலையத்தின் கொதிகலன் கூடமும் நூல்களைக் கழுவி உலர்த்தும் இடமாயிற்று.

அவசரத்தில் செய்த பணி என்பதால் சில குறைகளும் நேர்ந்தன. மிகுந்த வெப்பத்தால் தோற்கட்டுகள் சுருங்கின. சேற்றோடு உலர்ந்த நூல்களைப் பின்னர்ப் பிரித்து மீண்டும் கழுவ வேண்டியதாயிற்று. இந்நிலையில்தான் இங்கிலாந்திலிருந்து பீட்டர் வாட்டர்ஸ், ரோஜர் பவல் முதலிய கட்டமைப்பு வல்லுநர்கள் வந்து பணியை ஒழுங்குபடுத்தினர். கழுவுதல், உலர்த்துதல், செப்பனிடல், கட்டுதல் எனப் பணி படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை எழுதி, அதன் நிலையையும் செய்ய வேண்டிய சிகிச்சையையும் அதில் குறித்தனர். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் நூற்பாதுகாப்பு முறைகள் பல அங்கே உருப்பெற்றவை. ஆர்வம் நூல்களை வெளியே கொணர்ந்தது. முறைமையே அவற்றைப் பிழைக்க வைத்தது.

மீட்புப் பணி ஓராண்டில் முடியவில்லை. அவ்வெள்ளத்தில் சிதைந்த வசாரியின் 'இறுதி இராவுணவு' ஓவியம் செப்பனிடப்பட்டு மக்கள் பார்வைக்கு மீண்டது 2016இல். சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்பு. ஒரே நாளில் நேர்ந்த அழிவைச் சீர்செய்ய ஒரு தலைமுறையின் உழைப்பு தேவைப்பட்டது.

இவ்வரலாறு பெரிய நூலகங்களுக்கு மட்டும் உரியதன்று. பழைய ஏடுகளையும் நூல்களையும் பேணும் அறக்கட்டளைகளும் இல்லங்களும் இதிலிருந்து கற்க வேண்டியவை உள்ளன. அரிய நூலைத் தாழ்ந்த இடத்தில் வைத்தலாகாது. உள்ளவை யாவை என்னும் பட்டியல் ஒன்று எழுதி, அதன் படியை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். இடர் நேரின் முதலில் எடுக்க வேண்டியவை எவை, எடுப்பவர் யாவர் என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். நனைந்த ஏட்டை வெயிலிலோ நெருப்பின் அருகிலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும் என்பதை வீட்டிலுள்ள இளையோர்க்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

பிளாரன்ஸ் நகரில் வரிசையில் நின்ற மாணவருள் பலர்க்குத் தம் கையில் இருந்த நூலின் மொழியும் தெரிந்திராது. எனினும் அதைக் கீழே விடாமல் அடுத்தவர் கையில் சேர்த்தனர். முன்னோர் தந்ததைப் பின்னோர்க்குச் சேர்க்கும் கடன் நமக்கும் உண்டு. அதற்கு வேண்டிய ஆயத்தத்தை, வெள்ளம் வருமுன்னரே செய்வோமாக.