போலித் தற்செயல் அணிகள்

விதிப்படி கட்டியும் தற்செயலாய்ச் சிதறியவை போலத் தோன்றும் +1, −1 குறிகளின் பல்பரிமாணக் கட்டங்கள். முடிவுறு களத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கட்டத்தின் ஒரு புள்ளியாகக் கொண்டு, அதை ஒரு பல்லுறுப்புக் கோவையில் இட்டு, விளைவு வர்க்கமானால் +1, இல்லையெனில் −1 எனக் குறிப்பது ஒரு முறை. இக்குறியைத் தருவது இருபடிப் பண்புச்சார்பு. ஹூபெர், மொதுயி, சார்க்கோசி ஆகிய கணிதவியலாளர் மூவரும் 2006இல் இதை ஆராய்ந்தனர்.

கோவையைத் தேர்வதில் கவனம் வேண்டும். 9 உறுப்புக் களத்தைத் தக்க அச்சுகளில் 3×3 கட்டமாக்கி, கோவை எதுவுமின்றி, நடுவில் சுழியத்தை வைத்தால் அதன் நாற்புறமும் +1, நான்கு மூலைகளிலும் −1 வரும். கட்டத்தின் பக்கம் பெரிய பகா எண்ணானாலும், இருபரிமாணத்தில் சுழியம் வழிச் செல்லும் ஒவ்வொரு கோட்டிலும், சுழியம் நீங்கலாக, ஒரே குறிதான். இதைத் தற்செயல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வர்க்கத்தைப் பார்க்கும் இருபடிப் பண்புச்சார்புக்குப் பதிலாக, களத்தின் கூட்டலைச் சார்ந்த கூட்டல் பண்புச்சார்பாலும் இத்தகைய குறிகளைப் பெறலாம்; அது தரும் தொடர்கள் விண்வெளிக்கே சென்றுள்ளன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் காட்மியம் சிங்க் டெல்லுரைடு படக்கருவியில், டான்டலம் தகட்டின் துளைகள் 255 உறுப்புத் தொடர்களின்படி அமைந்தவை. 256 உறுப்புக் களம் இத்தகைய 16 தொடர்களைத் தரும்; அவற்றில் 7 மட்டுமே தேர்வாயின. காரணம் கணிதமன்று: தகட்டின் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். எக்ஸ் கதிர்கள் உணரியில் வீழ்த்தும் நிழலைத் துளைவடிவோடு ஒப்பிட்டு, கதிர் வந்த திசையைக் கணிக்கிறார்கள்.