மார்லியின் தாடை
1843ஆம் வருஷம் டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆவிக் கதையைச் சித்திரப் படமாக்கியவர் பலராயினும், அந்நூலுக்கு ஜான் லீச் வரைந்த படங்களின் சாயலைத் தழுவி, ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1971இல் சுமார் 25 நிமிஷத்துக்குள் ஆக்கியளித்த படத்துக்கே நான் முதல் ஸ்தானம் தருவேன். கதாநாயகன் ஸ்க்ரூஜின் இறந்துபோன கூட்டாளியான மார்லியின் ஆவி தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும், வாய் பிளந்து தொங்கிப்போக, உதடு அசையாமலே பேச்சு மட்டும் வெளிவருகிறதே, அந்தப் பயங்கரத்தைக் குழந்தைகளுக்கென்று நீர்த்துப்போகச் செய்யாததில்தான் அவருடைய தைரியம் இருக்கிறது. 1951ஆம் வருஷத்துப் படத்தில் ஸ்க்ரூஜாக நடித்த அலஸ்டர் சிம்மே இதிலும் குரல் கொடுத்தார். கதையோட்டம் சற்று அவசரந்தான். முதலில் தொலைக்காட்சியில் வந்த இப்படம், பின்னர் தியேட்டருக்கும் சென்று ஆஸ்கர் பரிசைத் தட்டிக்கொண்டுவிடவே, அத்தகைய படங்களுக்கு இனிப் பரிசில்லை என்று அகாடமி தன் விதியையே மாற்றிக்கொண்டது.