கருஞ்சேவல் காத்த பெயர்: கியாந்தி திராட்சை விவசாயிகள் சங்கம்

சங்கரன்கோவில் வட்டார விவசாயிகள் கூடும் விழாவின் மலரில் இத்தாலி நாட்டு ஒயின் சங்கத்தின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாட்டிலைத் திறப்பதற்காக அல்ல. அதில் ஒட்டியிருக்கும் முத்திரை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த நாட்டு ஒயினும் நமக்குப் புதிதல்ல. ரோமானியர் காலத்திலேயே ஜாடி ஜாடியாக அரிக்கமேட்டில் வந்து இறங்கியிருக்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடலிலும் யவனர் தந்த மது இடம்பெறுகிறது.

சேவல் வந்த கதை

ஃபுளோரன்ஸ், சியன்னா நகரங்களுக்கு நடுவே உள்ள மலைச்சரிவுதான் கியாந்தி. இரு நகரங்களுக்கும் ஓயாத எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரு பக்கமும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்பட வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று பேசி முடித்தார்களாம். ஃபுளோரன்ஸ்காரர்கள் தங்கள் கருஞ்சேவலைப் பட்டினி போட்டார்கள். பசி பொறுக்காமல் அது நடுச்சாமத்திலேயே கூவ, கியாந்தியின் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போனது. பின்னாளில் கியாந்தி ஊர்களின் கூட்டணிக்கு அந்தச் சேவலே சின்னமானது.

1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, எந்தெந்த ஊர் விளைச்சலுக்குக் கியாந்தி என்ற பெயர் செல்லும் என்று எல்லை வகுத்து ஆணையிட்டார். 1872இல், முன்பு பிரதமராக இருந்த பெட்டினோ ரிக்காசோலி, சாஞ்சோவேசே என்னும் சிவப்புத் திராட்சையை முதன்மையாக வைத்து ஒயினின் சேர்மானத்தை எழுதிவைத்தார்.

33 பேர் கூடிய நாள்

பெயர் பரவியதும் போலிகள் முளைத்தன. எங்கோ விளைந்த ஒயினெல்லாம் கியாந்தி என்று விலைபோனது. 1924 மே 14 அன்று ராட்டா என்ற சிற்றூரில் 33 திராட்சை விவசாயிகள் கூடிச் சங்கம் கண்டார்கள். 1932இல் அரசே சுற்றுவட்டாரங்களுக்கும் அப்பெயரை அனுமதித்தது. பழைய பகுதிக்குக் கிடைத்தது ‘கிளாசிகோ’ என்ற அடைமொழி மட்டும். சங்கம் சோர்ந்துவிடவில்லை. 1984இல் உச்சத் தரச்சான்றும், 1996இல் தனி விதிகளும் கிடைத்தன. 2005 முதல் ஒவ்வொரு பாட்டிலிலும் கருஞ்சேவல் நிற்கிறது.

முத்திரை சும்மா வரவில்லை. 100க்கு 80 பங்காவது சாஞ்சோவேசே இருக்க வேண்டும். வெள்ளைத் திராட்சை 2006 முதல் கூடவே கூடாது. விளைச்சல் ஹெக்டேருக்கு ஏழரை டன்னைத் தாண்டக் கூடாது. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 3 டன். ‘ரிசர்வா’ என்று போட வேண்டுமானால் 24 மாதம் முதிர வேண்டும்.

சுவையும் சோறும்

செர்ரிப் பழ வாசம், தூக்கலான புளிப்பு, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு: இதுதான் கியாந்தி கிளாசிகோ. தக்காளி போட்டுக் கொதிக்கவைத்த கறிக்குழம்பின் புளிப்புக்கு அதன் புளிப்பு ஈடுகொடுக்கும். கரி நெருப்பில் சுட்ட ஃபுளோரன்ஸ் மாட்டிறைச்சியோடு சேரும்போது துவர்ப்பு அடங்கி, கொழுப்பின் திகட்டலும் குறையும். செம்மறிப் பால் சீஸுக்கும் பொருத்தம். நம் ஊர் மட்டன் பிரியாணியில் கொழுப்புக்கு அது ஒத்துப்போனாலும், மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சலைத்தான் கூட்டும்.

நமக்கான பாடம்

புவிசார் குறியீட்டுச் சட்டம் நம் நாட்டில் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. நம்மைச் சுற்றியே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும் குறியீடு பெற்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்தது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டின் மல்லிக்கும் பிச்சிக்கும், பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கும் வெளியூரில் ஏற்கெனவே பெயர் உண்டு. பெயரை வாங்கித் தருவது மண். அதைக் காப்பாற்றுவது சங்கம். எனவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முத்திரை கேட்டு மனுப் போடுவதற்கு முன் தரத்துக்கான விதியை எழுதுங்கள். எழுதிய விதியைச் சொந்தப் பங்காளியே மீறினாலும் அவர் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.