சைக்கிள் தந்த தைரியம்



1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். "பொம்பளைப் புள்ளைக்கு சைக்கிள் எதுக்கு?" என்று கேலி பேசியவர்களும் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க்குடம்! பஸ்ஸுக்கும், அப்பா, அண்ணன் துணைக்கும் காத்துக் கிடந்த காலம் மாறியது. கற்றவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலைமைக்கு அதுதான் முதல் பாடம். கல்குவாரிகளைக்கூட பெண்கள் குழுக்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தின.

இன்று நம்ம பொண்ணுக்கு டவுனில் பயிற்சியோ வேலையோ கிடைத்தால், "தனியா எப்படிப் போவே?" என்று நாமே தடுக்கலாமா? "தைரியமா போயிட்டு வா தாயி"ன்னு அனுப்பி வைப்போம்.