கோவைத் திரைப்பட வரலாறும் நம் இளைஞர் ஆற்ற வேண்டிய ஆய்வும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் திரைப்படத்தைப் பற்றி எழுதுவதா எனப் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். படம் பார்த்துப் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் பலமுறை பேசியவர்களே நாமும். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பஞ்சாலைத் தொழிலாளியின் மகன், முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு வந்து, திரைப்படத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகச் சொன்னார். "சினிமா சோறு போடாது தம்பி; பி.எட். படித்து வேலைக்குப் போ" என்று அனுப்பி வைத்தோம். அவர் நம் சொல்லைத் தட்டவில்லை. இன்று தனியார் பள்ளி ஒன்றில் குறைந்த ஊதியத்தில் பணிபுரிகிறார். அன்று நாம் கூறியது பிழை என்று உணர்ந்தே இக்கட்டுரையை வரைகிறோம்.

தென்னாட்டுத் திரைப்பட வரலாற்றில் கோவைக்குள்ள இடம் சிறிதன்று. கோவையிற் பிறந்து, திருச்சியில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று மௌனப்படங்களைக் காட்டினார். 1914இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் மிகப் பழைய நிலையான திரையரங்குகளுள் ஒன்று. அத்தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்குகிறது. 1930களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து, கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'ராஜகுமாரி' (1947) சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானதே. கோவை பட்சிராஜா நிறுவனத்தின் 'மலைக்கள்ளன்' (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

இவ்வரலாற்றில் முதலாளிகளின் பெயர்கள் உண்டு. நடிகர், இயக்குநர் பெயர்கள் உண்டு. கூடாரத்துக்குக் குழி வெட்டியவர் யார்? கொட்டகையைப் பெருக்கியவர் யார்? அரங்கப் பொருள்களைச் சுமந்தவர் யார்? தரை டிக்கெட் வாங்கி அத்தொழிலை வாழவைத்தவர் யார்? இவர்களைப் பற்றிய ஏடு நம் கையில் இல்லை.

நம் கதைகள் திரைக்கு வராமலும் இல்லை. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1 இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராக வேடமேற்ற 'பக்த நந்தனார்' 1935இல் வெளிவந்தது. உயர்குலப் பெண்ணை மணந்ததற்காகக் கழுவேறிய காத்தவராயனின் கதை, 'ஆர்யமாலா' என்ற பெயரில் கோவையிலேயே எடுக்கப்பட்டு 1941இல் வந்தது. கதை நம் வளவுகளில் வாழ்ந்த கதை. அதனை எடுத்தவர்களோ பிறர். கேரளத்தின் முதல் மௌனப்படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் குலப் பெண்ணாக நடித்த நம் இனத்துப் பெண்மணி பி.கே. ரோசி, அக்குற்றத்துக்காகவே ஊரைவிட்டு விரட்டப்பட்டார். அப்படத்தின் படச்சுருளும் இன்று இல்லை. படம் அழிந்தாலும் ஆய்வாளர் பிற்காலத்தில் தேடியதால் அப்பெண்மணியின் பெயர் பிழைத்தது. ஆய்வின் ஆற்றல் அத்தகையது!

ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தையும் அரசியலையும் பற்றி 1981இல் எழுதிய சிறுநூலில் ஒரு கருத்தை வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகையே. அங்கே இருக்கையை வகுத்தது குலமன்று, கொடுத்த காசே என்பது அக்கருத்து. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. எனினும் எம் தந்தையார் சொன்னது வேறு. "இருட்டில் எல்லோரும் ஒன்றுதான். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் நாங்கள் ஓரத்து மணலுக்கு நகர்ந்துகொள்வோம். வெளியே டீ மட்டும் சிரட்டையில்தான்" என்பார். பேராசிரியர் கூற்றும் மெய். தந்தையார் கண்டதும் மெய். கொங்கு நாட்டின் எந்தெந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டு வரை அந்த ஓரத்து மணல் இருந்தது? இவ்வொரு வினாவே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமானதன்றோ?

இதை எழுதுவார் யார்? தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன், அஞ்சல் துறை அதிகாரியாக இருந்துகொண்டே தமிழ் நாடகத்தையும் திரைப்படத்தையும் ஆராய்ந்து 1981இல் நூல் தந்தார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். படங்களை ஆய்ந்து 1992இல் எழுதினார். அமெரிக்கப் பெண்மணி சாரா டிக்கி, மதுரையின் ஏழை மக்கள் படம் பார்க்கும் முறையை ஆய்ந்து 1993இல் நூல் வெளியிட்டார். ஸ்டீபன் ஹியூஸ் தென்னிந்திய மௌனப்படப் பார்வையாளர்களைப் பற்றி ஆய்ந்து 1996இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் கடல் கடந்து வந்தவர் கேட்டறிந்ததை, பக்கத்துத் தெருவில் இருக்கும் நாம் கேட்காமல் இருப்பது நியாயமா?

பணம் எங்கே என்று பெற்றோர் வினவுவர். வினா நியாயமானதே. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா சென்றது பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையால். அத்தொகைக்குரிய காலம் முடிந்ததும், 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. உழைத்துச் சேர்த்த பணத்தோடும் பிறர் உதவியோடும் 1920இல் மீண்டும் சென்று முடித்தார். நல்கை நின்றால் ஆய்வும் நிற்கும் என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. நம் கோவைக் கல்லூரியில் பயின்ற இரட்டைமலை சீனிவாசனோ, நானூறு மாணவர்களுள் ஏறக்குறைய பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணராயிருந்த சூழலில், தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சியே படித்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் (1939) எழுதியுள்ளார்.

இன்றைய நிலை வேறு. பட்டியல் இன மாணவர்க்கான தேசிய ஆய்வு நல்கை 2005–06இல் தொடங்கியது. ஆண்டுக்கு 2,000 பேருக்கு உரியது. 2023 ஜனவரி முதல் கணக்கிடப்பட்ட வீதப்படி, முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், மொத்தம் ஐந்தாண்டு வரை கிடைக்கும். இதற்கு 'நெட்' தேர்வு எழுத வேண்டும். அதில் திரைப்படம் எனத் தனிப் பாடம் இல்லை. இதழியலும் வெகுசனத் தொடர்பும், வரலாறு, தமிழ் போன்ற பாடங்களின் வழியே நுழைய வேண்டும். தமிழ்நாடு அரசும் முழுநேர ஆய்வு மாணவர்க்கு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் உதவும் திட்டத்தை வகுத்துள்ளது. அயல்நாட்டுப் படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகை 1954–55 முதல் உள்ளது. ஆயினும் 2022ஆம் ஆண்டு விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் விதியைப் படித்தறிதல் வேண்டும்.

கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே தகவல் தொடர்பு, ஊடகத் துறை உண்டு. பிரிட்டன் முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஆய்வாளர் தாமே எடுத்த படத்தையும் அதனை விளக்கும் ஆய்வுரையையும் சேர்த்தே பட்டத்துக்கு ஏற்கின்றனர். இங்கு எழுத்தாய்வே பெருவழக்கு. எனினும் முதியோரின் வாய்மொழியைப் படம்பிடித்துச் சேர்ப்பதைத் தடுப்பார் யார்? பா. இரஞ்சித்தும் மாரி செல்வராஜும் திரையில் நம் கதையை நம் குரலில் சொல்லிக் காட்டிவிட்டனர். வரலாற்றை எழுதும் பணி எஞ்சி நிற்கிறது.

இளைஞர்களே! சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. 1964இல் தொடங்கிய புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் படங்கள் உள்ளன. அவை காத்திருக்கும். ஓரத்து மணலில் அமர்ந்த நம் தாத்தாவும் பாட்டியும் காத்திருக்கமாட்டார்கள். எம் தந்தையாரின் சொற்களை நாம் எழுதி வைக்காமல் விட்டோம்; நினைவில் நின்றது மேலே சொன்ன அளவே. இவ்வார விடுமுறையிலேயே கைப்பேசியை எடுத்துக்கொண்டு வளவில் மூத்தவர் ஒருவரிடம் சென்று, முதலில் எந்தக் கொட்டகையில் என்ன படம் பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். ஊரும் தேதியும் குறித்து வையுங்கள்.

அந்த மாணவருக்கும் கடிதம் எழுதியுள்ளோம். அன்று தவறாக வழிகாட்டியதை ஒப்புக்கொண்டு, நல்கைக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது உடனிருப்பதாக வாக்களித்துள்ளோம். அவர் வருவார் என நம்புகிறோம்.