இலத்தீன் ஆசிரியர் தொடங்கிய பாடற்குழு: ஆன் ஆர்பர் நகரின் கலை வரலாறு



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில், என்னிடம் முன்பு பயின்ற மாணவர்களின் பெற்றோர் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி வினவுவதுண்டு. தரவரிசை என்ன, கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பார்கள். பிள்ளை நான்கு ஆண்டுகள் வாழப்போகும் ஊர் எப்படிப்பட்டது, மாலை வேளைகளில் அங்கே என்ன நடக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எண்பதுகளில் நம் நாட்டு மாணவர் பலர் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களுக்குப் படிக்கச் சென்றனர். சோளக்காடும் பனியும்தான் அங்கே என்பது நம்மில் பலருக்குப் பதிந்துபோன சித்திரம். அப்பகுதியின் பல்கலைக்கழக நகரங்களுள் ஒன்றான ஆன் ஆர்பரின் வரலாற்றை அண்மையில் விரிவாகப் படித்தேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டிய செய்திகள் அதில் நிறைய இருப்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஆன் ஆர்பர் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே உள்ளது. 1824இல் தோன்றிய குடியிருப்பு. 1837இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் டெட்ராய்ட்டிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1,24,000. உலகின் பெரும்பாலோர் இவ்வூரை அறிந்திருப்பது 1,00,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அதன் காற்பந்து அரங்கத்தால்தான். (அவர்களுடைய காற்பந்தைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள் என்பது வேறு கதை.) அவ்வரங்கம் கட்டப்பட்டது 1927இல். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் பாடத் தொடங்கிவிட்டது.

1879ஆம் ஆண்டு. ஹென்றி சிம்மன்ஸ் ஃப்ரீஸ் என்பவர் அப்பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழிப் பேராசிரியர். உரோமானியப் பெருங்கவி வர்ஜிலின் காவியத்துக்கு அவர் உருவாக்கிய பாடப்பதிப்பு அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்டது. இசை அவருக்குத் தொழில் அன்று. ஆனால் அதில் ஆழ்ந்த பற்றுடையவர். ஹாண்டலின் 'மேசியா' என்ற பேரிசைப் படைப்பைக் கற்றுப் பாட வேண்டும் என்று ஊர்மக்களும் பல்கலைக்கழகத்தாரும் அவர் தலைமையில் ஒன்றுகூடினர். கால்வின் கேடி என்ற இசையாசிரியர் பயிற்சியளித்து வழிநடத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அப்படைப்பின் பாடல்கள் அரங்கேறின. அடுத்த ஆண்டு, 1880இல், 'பல்கலைக்கழக இசைச் சங்கம்' முறையாக நிறுவப்பட்டது.

இச்சங்கத்தின் பெயரில் பல்கலைக்கழகம் இருந்தாலும், அது பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்படவில்லை. தனி அமைப்பு. பாடியவர்களுள் பேராசிரியரும் உண்டு, கடைக்காரரும் உண்டு, இல்லத்தரசியரும் உண்டு, மாணவரும் உண்டு. மாணவர் நான்காண்டில் போய்விடுவர், ஊரார் இருப்பர். இந்த ஏற்பாடுதான் அதன் ஆயுளுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. அன்று தொடங்கிய பாடற்குழு இன்றும் டிசம்பரில் 'மேசியா'வைப் பாடுகிறது.

ஃப்ரீஸ் பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவராக மும்முறை பொறுப்பு வகித்தவர். அவர் அப்பொறுப்பில் இருந்த 1870இல்தான் பெண்கள் முதன்முறையாக அங்கே மாணவராகச் சேர்க்கப்பட்டனர். 1889இல் அவர் மறைந்தார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக டெட்ராய்ட் நிறுவனம் ஒன்று மாபெரும் குழல் ஆர்கன் ஒன்றைச் செய்திருந்தது. கண்காட்சி முடிந்ததும் இசைச் சங்கம் அதை விலைக்கு வாங்கி, 1894இல் பல்கலைக்கழக மண்டபத்தில் நிறுவி, 'ஃப்ரீஸ் நினைவு ஆர்கன்' என்று பெயரிட்டது. ஓர் இலத்தீன் வாத்தியாருக்கு இப்படியொரு நினைவுச்சின்னம்! சிலை வைப்பதைவிட இது சிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1894இல் மே மாதத்தில், ஆல்பர்ட் ஸ்டான்லி என்ற இசைப் பேராசிரியரின் முயற்சியால் 'மே விழா' தொடங்கியது. பாஸ்டனிலிருந்து ஒரு வாத்தியக்குழு வரவழைக்கப்பட்டது. பாட்டை உள்ளூர்ப் பாடற்குழுவே பாடியது. புகழ்பெற்ற கலைஞர்கள் மேடையின் நடுவில். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குப் பின்னால், வெறும் பார்வையாளராக அன்றிப் பங்கேற்பாளராக. பின்னாளில் நகரப் பள்ளிப் பிள்ளைகளின் பாடற்குழுவும் இவ்விழாவில் பல ஆண்டுகள் மேடையேறியது. பெரிய இசைக்குழுவோடு ஒரே மேடையில் நின்று பாடிய பிள்ளை வளர்ந்தபின் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்கத் தயங்குமா? 1936 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பிலடெல்பியா இசைக்குழுவே ஆண்டுதோறும் இவ்விழாவுக்கு வந்தது. நம்மவர் மொழியில் சொன்னால், சென்னை இசைவிழாவின் முன்னணி வித்துவான்கள் ஐம்பதாண்டுகளாகச் சித்தியவானுக்கு வந்து வாசித்ததைப் போல.

விழா வளர்ந்ததும் இடம் போதவில்லை. சாகினா நகர மரவணிகரும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினருமான ஆர்தர் ஹில் 1909இல் மறைந்தபோது, அரங்கம் ஒன்று கட்ட 2,00,000 டாலரை உயில் எழுதி வைத்திருந்தார். அதைக் கட்டும் பொறுப்பு ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிப் பட்டம் இல்லாதவர். ஃபோர்டு மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளைக் கட்டிப் புகழ்பெற்றவர். 1913இல் ஹில் அரங்கம் அந்த ஆண்டு மே விழாவோடு திறக்கப்பட்டது. ஒலியியல் வல்லுநர் ஹியூ டாலண்ட் உதவியுடன், மேடையிலிருந்து விரிந்து செல்லும் ஊதுகுழல் வாயைப் போல் அதன் உட்புறம் அமைக்கப்பட்டது. 4,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அவ்வரங்கில், ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசி வரிசைக்கும் குரல் கேட்கும். (நம் பள்ளி மண்டபங்களில் 200 பேருக்கே இரண்டு ஒலிபெருக்கி வைத்தும் மூன்றாம் வரிசைக்கு வெறும் இரைச்சல்தான். இது கட்டடத்தின் குறையன்றிப் பிள்ளைகளின் குறையன்று.) ஃப்ரீஸ் ஆர்கனும் புதிய அரங்குக்கு இடம்மாறியது. 2004இல் புதுப்பிக்கப்பட்டபின் இருக்கைகள் ஏறத்தாழ 3,500 ஆகக் குறைந்தன, ஒலி குறையவில்லை.

இதுவரை சொன்னது மேட்டுக்குடி இசையின் கதை என்று சிலர் எண்ணக்கூடும். ஓரளவு உண்மைதான். அறுபதுகளில் காட்சி மாறியது. 1961 முதல் 1966 வரை, ராபர்ட் ஆஷ்லி, கார்டன் மம்மா முதலிய இளம் இசையமைப்பாளர்கள் 'ஒன்ஸ்' என்ற புத்திசை விழாவை நடத்தினர். இவர்களைத் தாங்கியது பல்கலைக்கழக இசைப்பள்ளி அன்று. ஊர்க் கலை மன்றம் ஒன்றே. முதல் கச்சேரிகள் ஒரு தேவாலயத்தில் நடந்தன. 1965இல் தேவாலயங்கள் சில சேர்ந்து 'தி ஆர்க்' என்ற காப்பிக்கடையைத் தொடங்கின. நாட்டுப்புறப் பாடகர்கள் பாடும் இடமாக அது மாறி இன்றும் நடக்கிறது.

இவ்வூரின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத நிகழ்ச்சிதான். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசை. அடிமை முறையின் தழும்பிலிருந்தும் பருத்திக் காட்டு உழைப்பிலிருந்தும் பிறந்தது. தோட்டப்புறங்களில் நம் முன்னோர் பாடிய பாடல்களை எண்ணிப் பார்த்தால் அதன் தன்மை நமக்கு உடனே விளங்கும். அக்காலத்து வெள்ளை மாணவர்கள் பலர் இவ்விசையை இங்கிலாந்து இளைஞர் குழுக்களின் இசைத்தட்டுகள் வழியாகவே கேட்டிருந்தனர். அதை உருவாக்கியவர்களோ, ஆன் ஆர்பரிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் இருந்த சிகாகோவின் மதுக்கூடங்களில் சொற்ப ஊதியத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தனர்.

மாணவர் சிலர் அவர்களை நேரில் அழைக்க முடிவு செய்தனர். ஆகஸ்டு 1 முதல் 3 வரை, ஆற்றோரத் திறந்தவெளியில், பி.பி. கிங், மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், பிக் மாமா தார்ன்டன், மேஜிக் சாம், முதுபெரும் கலைஞர் சன் ஹவுஸ் எனப் பலர் ஒரே மேடைக்கு வந்தனர். உலகறிந்த வுட்ஸ்டாக் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது இது. வுட்ஸ்டாக்கை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், இதை மறந்துவிட்டார்கள். மேஜிக் சாம் அதே ஆண்டு டிசம்பரில் 32 வயதில் இறந்துபோனார். அமைப்பாளர் ஒருவரின் உடன்பிறப்பு சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்த நாடாக்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், இசைத்தட்டாக வெளிவந்தன.

1970இல் இரண்டாம் முறை நடத்தியபோது பெரும் நட்டம். 1971இல் விழா இல்லை. 1972இல் ஊர்க்காரர் சிலர் அதைப் புளூஸ்-ஜாஸ் விழாவாக மீட்டெடுத்தனர். 1970இல் மறைந்த பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பானின் பெயரை விழாத் திடலுக்குச் சூட்டினர். 1974இல் நகரமன்றம் அனுமதி மறுத்தது. கனடா நாட்டு வின்சர் நகருக்கு விழாவைக் கொண்டுபோனார்கள், அங்கே தோற்றது. பின்னர் சிலமுறை உயிர்பெற்றுச் சிலமுறை அடங்கியது. அவ்விழாவின் இசை, பாடற்குழுவின் இசையைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் அதற்கென்று ஒரு கட்டடம் இல்லை, உயில் எழுதிய வணிகர் இல்லை, ஆண்டுதோறும் ஒத்திகைக்கு வரும் ஊர்மக்கள் இல்லை. முதலில் நடத்திய மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள்.

இதைப் படித்தபோது நம் பள்ளிகள் கண்முன் வந்தன. ஓர் ஆசிரியை பறையாட்டக் குழுவையோ வில்லுப்பாட்டுக் குழுவையோ ஐந்தாண்டு பாடுபட்டு உருவாக்குவார். மாற்றலாகிப் போவார். அடுத்த கலைவிழாவில் பிள்ளைகள் திரைப்பாடலுக்கு ஆடுவார்கள். உடுப்புகள் சாமான் அறையில் கிடக்கும். இதை நான் ஒரு பள்ளியில் மட்டும் காணவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நாற்காலியும் உணவும் ஏற்பாடு செய்வதோடு நின்றுவிடாமல், பெற்றோரே குழுவில் சேர்ந்து கற்றுக்கொண்டால் என்ன?

மீண்டும் ஆன் ஆர்பருக்கு வருவோம். ஜூலையில் மாணவர்கள் இல்லாமல் ஊர் வெறிச்சோடும். 1960இல் ஒரு வீதி வணிகர்கள் தம் மலிவு விற்பனையோடு ஓவியர்களையும் குயவர்களையும் அழைத்துக் கடைபோடச் செய்தனர். அது இன்று ஆண்டுதோறும் சில இலட்சம் பேர் கூடும் கலைச்சந்தை. இலட்சியமாகத் தொடங்கியதன்று, வியாபாரமாகத் தொடங்கியது. அதனாலேயே வணிகர்கள் அதைக் கைவிடவில்லை.

1963இல் ஜார்ஜ் மனுபெல்லி என்ற ஓவிய ஆசிரியர் சோதனைத் திரைப்படங்களுக்கென ஒரு விழாவைத் தொடங்கினார். வட அமெரிக்காவில் இவ்வகை விழாக்களுள் மூத்தது இதுவே. 2006இல் இவ்விழாவின் படங்கள் சில முகஞ்சுளிக்க வைப்பவை என்று மாநிலச் சட்டமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. அரசு மானியம் சிக்கலுக்கு உள்ளானது. பெற்றோர் சிலருக்கு அவ்வெதிர்ப்பு நியாயமாகவே படலாம். அப்படங்கள் சிறுவர்க்கானவை அல்ல. ஆனால் விழாக்குழு எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பணம் பெறுவதைவிட, மானியமே வேண்டாம் என்று விலகிப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. நீதிமன்றமும் சென்றது. 2007இல் அந்நிபந்தனைகள் திருத்தப்பட்டன.

அவ்விழா நடைபெறும் மிச்சிகன் திரையரங்கு 1928 ஜனவரியில், ஊமைப்படக் காலத்தின் இறுதியில், திறக்கப்பட்டது. படத்துக்குப் பின்னணி வாசிக்க அங்கும் ஒரு குழல் ஆர்கன் உண்டு. எழுபதுகளில் கூட்டம் குறைந்து, 1979இல் திரையரங்கு கைவிடப்படும் நிலைக்கு வந்தது. அப்போது முன்வந்தவர்கள் திரைப்பட முதலாளிகள் அல்லர். அந்த ஆர்கனைப் பழுதுபார்த்து வாசித்துவந்த ஆர்வலர்கள். அவர்கள் ஊராரைத் திரட்டினார்கள், நகராட்சி கைகொடுத்தது, திரையரங்கு இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு வந்தது. இன்றும் அங்கே சில மாலைகளில், படம் தொடங்குமுன், அந்த ஆர்கனை யாரேனும் வாசிக்கிறார்கள்.