மண்டபத்துத் தகடும் ஜங்லிகாட் படகும்: அரிமான ஆய்வில் இடத்தின் பங்கு

அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் கரையேற்றியிருந்த படகு ஒன்றின் அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுக்கானுக்கு அருகே உள்ளங்கை அகலத்தில் ஒரு துத்தநாகக் கட்டி, அப்போதுதான் திருகியது. தூரிகை அதையும் விடவில்லை. "அதுக்கு மட்டும் அடிக்காதீங்கண்ணே, ஜிங்க் வேலை செய்யாது" என்றேன். "மொட்டையா விட்டா உப்புத்தண்ணி தின்னுடாதா தம்பி?" என்றார் அவர், கை நிற்காமல்.

தின்னத்தான் வேண்டும். கேலமெல் மின்வாயோடு ஒப்பிட்டால் கடல்நீரில் துத்தநாகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ −1.03 வோல்ட், சாதாரண எஃகுக்கு −0.6 வோல்ட்டை ஒட்டி வரும்; வெண்கல விசிறிக்கு −0.3 சுற்றி. எஃகும் வெண்கலமும் ஒரே நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு கரையும். அவற்றோடு துத்தநாகத்தைச் சேர்த்துவிட்டால் எலக்ட்ரான்களைக் கொடுக்கும் பொறுப்பு அதற்குப் போய்விடும். நடைமுறையில் ஒரு கிலோ துத்தநாகம் தருவது 780 ஆம்பியர்-மணி அளவு. 100 மில்லியாம்பியர் வீதம் கொடுத்தால் ஏறக்குறைய பதினோரு மாதத்தில் தீர்ந்துபோகும். பெயிண்ட் பூசிய கட்டி அடுத்த முறை கரையேற்றும்போதும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். தேய்ந்திருப்பது படகின் எஃகு.

இங்கே நம் கலைச்சொல் ஒன்றும் தடுக்கிவிடுகிறது. இப்படி எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும் ஆனோடைப் பாடநூல்கள் 'நேர்மின்வாய்' என்கின்றன. மின்னாற்பகுப்புக் கலத்துக்கு அது பொருந்தும். தானாகவே மின்னோட்டம் தரும் கலத்தில் ஆனோடுதான் எதிர்முனை. படகில் கரையும் துத்தநாகமும் அப்படியே. ஃபாரடே 1834-இல் வில்லியம் ஹியூவெலின் யோசனையைக் கேட்டு ஆனோடு, கேத்தோடு என்று பெயரிட்டபோது நேர், எதிர் என்ற முடிவுக்குள் சிக்காத சொற்களையே தேடினார். நம் மொழிபெயர்ப்பு அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு, ஆய்வகத்து மின்னாற்பகுப்புத் தொட்டியையே உலகம் என்று எடுத்துக்கொண்டது.

ஆய்வகத் தொட்டியின் விடையும் கடலின் விடையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இத்துறை தொடக்கத்திலேயே பட்டறிந்தது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செப்புக் கவசத்தைக் காக்க இரும்போ துத்தநாகமோ பொருத்தலாம் என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சமராங் என்ற போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. செம்பு கரையவில்லை, வேதியியல் வென்றது. ஆனால் கரையும் செம்புதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் நஞ்சூட்டி விலக்கியிருந்தது. காக்கப்பட்ட கப்பலின் அடியில் அவை அப்பிக்கொண்டன, வேகம் குறைந்தது, கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் கணக்கில் பிழை இல்லை. கணக்கில் சேராமல் போனது, அந்த நீரில் என்ன வாழ்கிறது என்பது.

இந்தியாவில் இத்துறைக்கு ஒரு வீடு அமைந்த கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்தார். மின்வேதியியலாளர்களின் சங்கமும் பின்னர் அதே ஊரில் உருவாயிற்று. கொடையைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. என் கவனம் நிறுவனத்தின் கடலோரக் கிளைமீது: மண்டபத்தில் உள்ள அரிமானச் சோதனைக்களம். கடலை நோக்கிச் சாய்த்த சட்டங்களில் உலோகத் தகடுகளைக் கட்டி, குறித்த காலம் கழித்து இறக்கி, துருவைக் கழுவி, எடையிழப்பை அளக்கும் வேலை அங்கே நடக்கிறது. பார்க்க ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆனால் 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்த காற்றின் குணத்தைத் துல்லியமான எண்ணாகச் சொல்ல வேறு வழி கிடையாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசைலாக்சேன் பூச்சும் வந்ததன் பின்னணி அந்தக் காற்றுதான்.

என் வாதம் இதுதான்: மண்டபத்து எண்ணை அப்படியே ஜங்லிகாட்டுக்குக் கப்பலேற்ற முடியாது, கப்பலேற்றலாம் என்ற எண்ணம் அறிவியல் சமூகத்தின் மதிப்பீட்டு முறையில் உள்ள ஒரு கோளாறு. இரண்டும் உப்புக்காற்று வீசும் கரைகள்தாம். ஆனால் மண்டபத்தில் ஆண்டு மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. போர்ட் பிளேரில் அது 3,000-ஐ ஒட்டிப் பெய்கிறது. மழை உலோகத்தின் மேல்முகத்தில் படிந்த குளோரைடைக் கழுவிவிடும். கூரைத் தகட்டின் உள்பக்கம், பாலத்தின் அடி, படகுக்கொட்டகையின் விட்டம் என மழை படாத இடங்களிலோ உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும், ஈரம் உலராது. வெட்டவெளியில் தொங்கும் தகடு குறைவாகவும் கொட்டகைக்குள் இருக்கும் ஆணி அதிகமாகவும் அரிபடலாம். சோதனைச் சட்டத்தைத் திறந்தவெளியில் மட்டும் நட்டால் தீவின் வீடுகளைப் பற்றிய பாதிச் செய்தி தவறிவிடும்.

வானிலைத் தரவையும் குளோரைடு படிவையும் சூத்திரத்தில் போட்டு அரிமானத்தைக் கணிக்கலாமே என்று கேட்பார்கள். ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை அந்த வழியைத் தருகிறது. கூடவே அதன் விலையையும் சொல்கிறது: ஓராண்டு தகடு தொங்கவிட்டு அளந்தால் கார்பன் எஃகுக்கு ஐயப்பாடு ±2 விழுக்காடு, சூத்திரத்தால் கணித்தால் −33 முதல் +50 வரை. ஆண்டுக்கு 80 மைக்ரோமீட்டரா 120-ஆ என்பது கூரைத் தகட்டின் ஆயுளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடக்கூடிய வேறுபாடு. மெல்லிய தகட்டின் கீழ் வாழ்பவருக்கு அந்த இடைவெளி சிறியதன்று.

இன்னொன்று தீவுக்கே உரியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமியையும் சேதத்தையும் எல்லோரும் எழுதினார்கள். மின்வேதியியல் கண்ணால் பார்த்தால், தப்பிப் பிழைத்த ஒவ்வொரு தூணும் வேறொரு கடலுக்குள் இறங்கிவிட்டது. தூணில் மிக வேகமாக அரிபடுவது அலை தெறித்து நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி இருக்கும் பட்டை. ஆக்ஸிஜனும் உப்பும் தடையின்றிச் சேரும் இடம் அது. அந்தப் பட்டை, முன்பு காற்றில் நின்ற பகுதிக்கு ஏறிவிட்டது. வடிவமைப்பின்போது தெறிப்புப் பகுதிக்கென்று கொடுத்த கூடுதல் காப்பு இப்போது நீருக்குள் கிடக்கும். காப்புக் குறைந்த பகுதி தெறிப்பில் நிற்கும்.

கான்கிரீட்டின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. ஆற்று மணல் இல்லாத தீவுகளில் கடற்கரை மணலே நெடுங்காலம் கட்டடத்துக்குப் போயிற்று. 2002-இல் உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது கரையைக் காக்க. கம்பியைக் காக்கவும் அதுவே சரி. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிமேல் ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வையைத் தருகிறது. குளோரைடு அதில் ஓட்டை போடும். ஐ.எஸ். 456 கம்பியுள்ள கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது. கழுவாத கடல் மணல் அந்த வரம்பை வீடு கட்டும் நாளிலேயே நெருக்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்த வேதியியல். தெரியாதது இந்த இடத்தில் எவ்வளவு, எத்தனை ஆண்டில் என்பது. அதை அறிய ஐந்தாண்டு, பத்தாண்டு தகடு தொங்கவேண்டும். முனைவர் பட்டத்துக்கான உதவித்தொகை அவ்வளவு காலம் ஓடாது. ஐந்தாம் ஆண்டின் எடையிழப்பு அட்டவணையைப் புதுமை என்று ஏற்கும் ஆய்விதழ்களும் குறைவு. 2019-இன் வேதியியல் நோபல் லித்தியம் அயனி மின்கலத்துக்குக் கிடைத்த பிறகு இளையோர் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதில் எனக்குக் குறையில்லை. நெய்வேலியின் என்.எல்.சி. தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்பையும் அமைத்திருக்கிறது. டீசலை நம்பிய தீவுக்கு அது பெரிய காரியம். ஆனால் அந்த மின்கலங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியும், சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டமும், அவற்றின் திருகாணிகளும் அதே உப்புக்காற்றில்தான் நிற்கின்றன.

ஜங்லிகாட்டில் களம் அமைக்கப் பெருஞ்செலவு வேண்டாம். 100க்கு 150 மில்லிமீட்டர் அளவில் எஃகு, துத்தநாகம், செம்பு, அலுமினியத் தகடுகள். திறந்தவெளியில் ஒரு சட்டம், கொட்டகைக்குள் ஒரு சட்டம், அலைமட்டத்தில் ஒன்று. மாதந்தோறும் குளோரைடு அளவு. கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு பத்தி சேர்ப்பேன்: கரையேற்றும் ஒவ்வொரு படகிலிருந்தும் கழற்றும் ஜிங்க் கட்டியின் எடை. பொருத்தும்போது எத்தனை கிலோ, கழற்றும்போது எத்தனை, இடையில் எத்தனை மாதம். படகுக்காரர்கள் அதை இப்போது பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள்.